சரிகையின் பொன்னும் படிகத்தின் புறமும்: புறப்பரப்பு நிலைகளை ஒளியால் அறிதல்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பொருளின் புறப்பரப்பைப் பற்றி ஒளி தரும் செய்தி, அந்த ஒளி எவ்வளவு ஆழத்திலிருந்து அதனைத் திரட்டி வருகின்றது என்பதைச் சார்ந்தது. காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளின் சரிகையை எக்ஸ்-கதிரால் சோதிக்கும்போது எழும் சிக்கலும், இடத்தியல் மின்காப்புப் பொருள்களின் புறப்பரப்பு நிலைகளை ஒளியால் ஆராய்வோர் எதிர்கொள்ளும் சிக்கலும் இவ்வகையில் ஒன்றே. எனினும் சரிகையின் புறப்பரப்பு வெளியிலிருந்து ஏற்றப்பட்டது. இடத்தியல் பொருளின் புறப்பரப்பு நிலையோ உள்ளகத்தின் இயல்பிலிருந்து பிறப்பது. இவ்வொற்றுமையையும் வேற்றுமையையும் கொண்டு, பிஸ்மத் செலினைடு படிகத்தில் நிகழ்ந்த ஒளிவழி ஆய்வுகளை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: காஞ்சிபுரம், சரிகை, எக்ஸ்-கதிர் ஒளிர்வு, இடத்தியல் மின்காப்புப் பொருள், பிஸ்மத் செலினைடு, ஒளிமின் உமிழ்வு, இரண்டாம் சீரிசை.

முன்னுரை

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை வாங்க வருவோர் அறிந்த எளிய சோதனை ஒன்று உண்டு. சேலையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சரிகை இழையொன்றை நகத்தால் கீறிப் பிரித்துப் பார்ப்பர். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் சரிகை அசல் என்பர். இன்னும் உறுதி வேண்டுவோர் உரைகல்லை நாடுவர். பழைய சேலைகளை விலைக்கு வாங்குவோர் பட்டை எரித்து உலோகத்தை உருக்கியே கணக்குப் பார்ப்பர். மூன்று முறைகளிலும் பொருள் சிதைகின்றது. மூன்றாவதில் சேலையே மிஞ்சுவதில்லை. சேலையைச் சிதைக்காமல் சரிகையின் தரத்தை அறிய வேண்டும் என்ற தேவையே எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியைச் சரிகைச் சோதனைக்குக் கொண்டுவந்தது. கருவியின் முன் சரிகையை வைத்தால் சில நொடிகளில் வெள்ளி, செம்பு, பொன் ஆகியவற்றின் விழுக்காடு திரையில் தோன்றுகின்றது.

அந்த எண்ணை நம்பியே சரிகை ஏற்கப்படுகின்றது அல்லது மறுக்கப்படுகின்றது. நெசவாளரின் கூலியும் கூட்டுறவுச் சங்கத்தின் நற்பெயரும் வாங்குவோரின் பணமும் அதில் அடங்கியுள்ளன. ஆகவே அவ்வெண் உண்மையில் எதனைக் குறிக்கின்றது என்ற வினா இயற்பியலுக்குள் மட்டும் நின்றுவிடும் வினா அன்று.

சரிகையில் பொன்னின் ஆழம்

சரிகை என்பது பட்டு நூலைச் சுற்றித் தட்டையான உலோகக் கம்பியைச் சுருட்டி, அதன்மேல் பொன் முலாம் ஏற்றிச் செய்யப்படுவது. காஞ்சிபுரத்தில் இயங்கும் அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரி லிமிடெட் வழங்கும் சரிகைக்கு வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, பொன் 0.5 விழுக்காடு எனக் கலவை வரையறுக்கப்பட்டுள்ளது. இவை எடை விழுக்காடுகள். நூற்றில் அரைப் பங்கு பொன் என்றால், அது புறத்தில் எவ்வளவு கனத்துக்குப் படிந்திருக்கும்?

கணக்கு எளியது. பொன்னின் அடர்த்தி கன செண்டிமீட்டருக்கு 19.3 கிராம்; வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.96. மேற்கண்ட விகிதத்தில் 100 கிராம் சரிகையை எடுத்துக்கொண்டால் வெள்ளியும் செம்பும் சேர்ந்து ஏறத்தாழ 7.8 கன செண்டிமீட்டர் இடத்தை அடைக்கும், பொன் 0.026 கன செண்டிமீட்டரே. அதாவது உலோகக் கன அளவில் முந்நூறில் ஒரு பங்கு. தட்டைக் கம்பியின் கனம் 20 மைக்ரோமீட்டர் எனவும், பொன் இரு பக்கமும் சமமாகப் படிந்துள்ளது எனவும் கொண்டால், ஒரு பக்கத்துப் பொன்னின் கனம் 33 நானோமீட்டர் அளவில் அமையும். ஒரு மில்லிமீட்டரை முப்பதாயிரம் கூறாக்கி அதில் ஒரு கூறு.

இவ்வளவு மெல்லிய படலம் எவ்வாறு முழுப் பொன்னாகக் காட்சி தருகின்றது? செந்நிற ஒளி பொன்னுக்குள் ஏறத்தாழ 15 நானோமீட்டர் செல்வதற்குள்ளாகவே அதன் செறிவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகின்றது. 33 நானோமீட்டர் படலத்தைக் கடந்து, அடியிலுள்ள வெள்ளியில் பட்டு, மீண்டும் அதே படலத்தைக் கடந்து வெளிவரும் ஒளி நூற்றில் ஒரு பங்கு அளவே. எனவே கண் காண்பது பொன்னை மட்டுமே. சரிகையைப் பொறுத்தவரை, மனிதக் கண் புறப்பரப்புக்கு மிக நுண்ணுணர்வு வாய்ந்த கருவி. அடியிலுள்ளது வெள்ளியா வெறும் செம்பா என்பதை அதனால் சொல்ல இயலாது. போலிச் சரிகை விற்பனையாவதும் இதனாலேதான்.

கருவி காண்பதும் காணாததும்

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியின் நிலை கண்ணுக்கு நேர்மாறானது. கருவியிலிருந்து புறப்படும் எக்ஸ்-கதிர் அணுவின் உட்கூட்டிலுள்ள எலக்ட்ரான் ஒன்றை வெளியேற்றுகின்றது. அவ்வெற்றிடத்தை மேற்கூட்டு எலக்ட்ரான் நிரப்பும்போது அத்தனிமத்துக்கே உரிய ஆற்றலுடன் எக்ஸ்-கதிர் வெளிப்படுகின்றது. செம்புக்கு 8.05, பொன்னுக்கு 9.71, வெள்ளிக்கு 22.16 கிலோ எலக்ட்ரான்-வோல்ட் ஆகியவை முதன்மைக் கோடுகள். வெள்ளியின் 22 கிலோ எலக்ட்ரான்-வோல்ட் கதிர் வெள்ளிக்குள்ளேயே அறுபது மைக்ரோமீட்டருக்கு மேல் ஊடுருவ வல்லது. தட்டைக் கம்பியின் முழுக் கனமும் அதற்குத் திறந்த வீடு போன்றது.

இதிலிருந்து மூன்று விளைவுகள் தோன்றுகின்றன. அவற்றுள் முதலாவது, நடைமுறையில் மிகுந்த முதன்மை உடையதாயினும் எளிதில் கவனம் தப்பக்கூடியது. பட்டு நூலின் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் கதிர்கள் ஆற்றல் குன்றியவை. காற்றில் இயங்கும் கைக்கருவியை அவை எட்டுவதில்லை. ஆகவே கருவி காட்டும் நூறு விழுக்காடு என்பது உலோகத்தின் நூறு. வரையறையிலுள்ள நூறு என்பது பட்டும் சேர்ந்த நூறு. வரையறைக்கு முற்றிலும் பொருந்திய சரிகையைக் கருவியில் வைத்தால் வெள்ளி 40 எனக் காட்டாது. 40ஐ 76ஆல் வகுத்து, 52.6 எனக் காட்ட வேண்டும். செம்பு 46.7 ஆகவும் பொன் 0.66 ஆகவும் அமையும். மறுதலையாக, திரையில் வெள்ளி 40 எனத் தோன்றும் சரிகையில் பட்டும் சேர்த்துக் கணக்கிட்டால் வெள்ளி ஏறத்தாழ 30 விழுக்காடே இருக்கும். இம்மாற்றத்தைக் கருவியின் நிரலோ சோதிப்பவரோ செய்துகொள்ளாவிடில், தரம் குறைந்த சரிகை தேறிவிடும்.

இரண்டாவது, பொன் புறத்தில் மட்டும் இருப்பதால் வருவது. கருவியின் வழக்கமான கணக்கீடு பொருள் முழுவதும் ஒரே சீராகக் கலந்துள்ளது எனக் கொள்கின்றது. சீராகக் கலந்திருந்தால் ஆழத்திலுள்ள பொன்னின் கதிர்கள் வெளிவரும் வழியில் பெரிதும் உட்கவரப்படும். மேற்படலமாக இருக்கும் பொன்னுக்கு அவ்விழப்பு இல்லை. ஆகவே பொன்னின் அளவு மிகைப்பட்டுத் தோன்றும். மேற்கண்ட கனக் கணக்கில் இம்மிகை இரு மடங்கு வரை எட்டக்கூடும். மூன்றாவதும் இதன் இனமே: செம்பின்மேல் வெள்ளி ஏற்றிய கம்பியும், வெள்ளியும் செம்பும் உருகிக் கலந்த கம்பியும் ஒரே எடை விழுக்காடு கொண்டிருப்பினும் கருவியில் ஒரே எண்ணைத் தரமாட்டா.

இச்சிக்கலுக்கு இயற்பியலில் தீர்வு உண்டு. வெள்ளிக்கு 22.16 கிலோ எலக்ட்ரான்-வோல்ட் கோட்டுடன் 2.98 கிலோ எலக்ட்ரான்-வோல்ட் கோடும் உண்டு. முன்னது 33 நானோமீட்டர் பொன்னைக் கடந்தும் அரை விழுக்காடுகூடக் குறையாது; பின்னது எட்டில் ஒரு பங்கு அளவு குறைந்துவிடும். ஒரே தனிமத்தின் இரு கோடுகளின் விகிதத்தை அளந்தால், மேலே உள்ள பொன்னின் கனம் வெளிப்பட்டுவிடுகின்றது. பழங்காலப் பொன்முலாம் பொருள்களை ஆராயும் அருங்காட்சியக அறிவியலாளர் இவ்வழியைக் கையாள்கின்றனர். காற்றில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு இருக்கும் ஆர்கான் வாயுவின் கோடு 2.96 கிலோ எலக்ட்ரான்-வோல்ட்டில் வந்து வெள்ளியின் கோட்டோடு கலந்துவிடுகின்றது என்பது இதிலுள்ள இடர். ஹீலியம் வாயுச் சூழலோ வெற்றிடமோ இன்றி இவ்வளவீட்டை நம்புவதற்கில்லை.

இரு வேறு ஆழங்களிலிருந்து செய்தி கொணரும் இரு ஒளிகளை ஒப்பிட்டால் புறப்பரப்பு தனித்துத் தெரியும் என்பது இங்குக் கிடைக்கும் கருத்து. சரிகையிலிருந்து முற்றிலும் வேறுபட்ட ஒரு படிகத்திலும் இதே கருத்தே கைகொடுத்தது.

பூச்சு அல்லாத புறப்பரப்பு

இடத்தியல் மின்காப்புப் பொருள் என்பது உள்ளே மின்சாரத்தைக் கடத்தாமல், புறப்பரப்பில் மட்டும் கடத்தும் படிகம். மரக்கட்டையின்மேல் உலோகத் தகடு போர்த்தியது போன்றது என இதனை எளிமைப்படுத்திக் கூறுவது அறிமுக நூல்களில் வழக்கம். மாணவர்க்கு முதல் நாள் இவ்வுவமை உதவலாம். இரண்டாம் நாள் அதனைக் கைவிட்டாக வேண்டும். சரிகையைச் சுரண்டினால் பொன் போய் வெள்ளி தெரியும். காலப்போக்கில் பொன் தேய்ந்தால் வெள்ளி கறுத்துச் சேலையின் கரை மங்கும். பிஸ்மத் செலினைடு படிகத்தின் மேலடுக்கை ஒட்டுநாடாவால் உரித்து எடுத்தால், புதிதாக வெளிப்படும் பரப்பும் முன்னதைப் போலவே மின்சாரத்தைக் கடத்தும். எத்தனை முறை உரித்தாலும் அப்படியே. உரித்தெடுத்த துண்டின் அடிப்பரப்பும் கடத்தும். அங்கே பூசப்பட்டது எதுவும் இல்லை.

இதற்குப் பொருத்தமான உவமை காஞ்சிபுரத் தறியிலேயே உள்ளது. உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் அமையும் சேலையைக் கோர்வை முறையில் நெய்யும்போது, உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாக்களும் ஓடுகின்றன. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் கோட்டில் அவை ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. அக்கோர்வை தனியாக வாங்கிவந்து தைத்த பொருளன்று. இரு வேறு நெசவுகள் சந்திப்பதால் அங்கே தோன்றுவது. கரையை நான்கு விரல் உள்ளே தள்ளி நெய்தால் கோர்வையும் நான்கு விரல் உள்ளே வரும். உடலும் கரையும் ஒரே ஊடையாக இருந்தால் கோர்வைக்கே இடமில்லை.

படிகத்தில் இவ்விடத்தை வகிப்பது பட்டைகளின் வரிசை. பொதுவான மின்காப்புப் பொருளில் எலக்ட்ரான்கள் நிறைந்த இணைதிறன் பட்டைக்கும் காலியான கடத்துப் பட்டைக்கும் இடையே ஆற்றல் இடைவெளி உண்டு. பிஸ்மத் அணு எண் 83 கொண்ட கனத்த தனிமம். அதன் கருவின் அருகே எலக்ட்ரான்கள் மிகு வேகத்தில் இயங்குவதால் தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதை இயக்கத்துக்கும் இடையே வலுவான பிணைப்பு ஏற்படுகின்றது. இப்பிணைப்பு பிஸ்மத் செலினைடில் பிஸ்மத்துக்கு உரிய நிலையையும் செலினியத்துக்கு உரிய நிலையையும் மேல்கீழாக மாற்றிவிடுகின்றது. படிகத்துக்கு வெளியிலுள்ள வெற்றிடத்தில் இத்தலைகீழ் மாற்றம் இல்லை. மாறிய வரிசையும் மாறாத வரிசையும் சந்திக்கும் எல்லையில் ஆற்றல் இடைவெளி மூடியே ஆகவேண்டும். அங்கே தோன்றும் கடத்தும் நிலைகளே புறப்பரப்பு நிலைகள். பொன்னின் மஞ்சள் நிறத்துக்கும் இதே காரணம் பொருந்தும்: அணு எண் 79 கொண்ட அக்கனத்த தனிமத்தில் எலக்ட்ரான்களின் வேகம் மிகுந்து சார்பியல் விளைவு தலைகாட்டாவிடில், பொன்னும் வெள்ளியைப் போல வெளிறியே இருந்திருக்கும்.

கேன், மேல் ஆகியோர் 2005இல் இத்தகைய பொருள்களின் கோட்பாட்டை முன்வைத்தனர். தூலெஸ், ஹால்டேன், காஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் 2016ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த இடத்தியல் ஆய்வுகள் அதற்கு அடித்தளமாக அமைந்தவை. கோட்பாட்டின் உயிர்நாடி ஓர் எண்ணிக்கையில் உள்ளது. புறப்பரப்பு நிலைகள் ஃபெர்மி ஆற்றல் மட்டத்தை ஒற்றைப்படை எண்ணிக்கையில் கடந்தால் பொருள் இடத்தியல் வகையைச் சார்ந்தது. இரட்டைப்படையில் கடந்தால் சாதாரண வகை. இரண்டு இரண்டாக அவை ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளக்கூடும். ஒற்றையாக நிற்பதை நீக்க, காலத்தைத் திருப்பினும் மாறாத சமச்சீர்மையைக் குலைத்தாக வேண்டும். எனவே ஆய்வாளர் முன் நின்ற பணி, புறப்பரப்பு கடத்துகின்றது எனக் காட்டுவது மட்டுமன்று. அந்நிலைகளை எண்ணிக் காட்டுவது.

உள்ளகத்தின் குறுக்கீடு

மின்கம்பிகளை இணைத்துக் கடத்துதிறனை அளந்தால் போதாதா எனக் கேட்கலாம். போதாது என்பதற்கான காரணத்தைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் இருந்த கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் பிஸ்மத் செலினைடு படிகங்களை வளர்த்து ஆராய்ந்துள்ளனர். படிகம் வளரும்போது செலினியம் எளிதில் ஆவியாகி வெளியேறிவிடும். அது விட்டுச்செல்லும் ஒவ்வொரு காலியிடமும் உள்ளகத்துக்கு எலக்ட்ரான்களை ஈந்து, மின்காப்பாக இருக்க வேண்டிய உள்ளகத்தையே கடத்தியாக மாற்றுகின்றது. கல்பாக்கத்துக் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், காந்தப் புலத்தில் மின்தடை அலைவுறும் முறையையும், பாசிட்ரான் அழிவு முறையையும் இணைத்துச் செலினியக் காலியிடங்களின் பங்கை ஆராய்ந்தது. பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள். அது படிகத்தின் காலியிடங்களில் சிக்கி நெடுநேரம் தங்குவதால் அவற்றைக் காட்டிக்கொடுக்கின்றது.

மில்லிமீட்டர் கனமுள்ள படிகத்தில் சில நானோமீட்டர் புறப்பரப்பின் மின்னோட்டத்தை உள்ளகத்தின் மின்னோட்டம் மூழ்கடித்துவிடுகின்றது. இது சரிகையில் பொன்னின் மெல்லிய குறிகையை அடியிலுள்ள வெள்ளியும் செம்பும் மூழ்கடிப்பதை ஒத்தது. ஒளியே இதற்கு வழி காட்டியது.

எலக்ட்ரானை வெளியேற்றிப் பார்த்தல்

கோணம் பகுத்த ஒளிமின் உமிழ்வு முறையில் படிகத்தின்மேல் புறஊதா ஒளி செலுத்தப்படுகின்றது. ஐன்ஸ்டைன் 1905இல் விளக்கியவாறு ஒளியன் எலக்ட்ரானை வெளியேற்றுகின்றது. வெளிவரும் எலக்ட்ரானின் ஆற்றலை அளந்தால் அது படிகத்துக்குள் எந்த ஆற்றலில் இருந்தது என்பதும், வெளிவரும் கோணத்தை அளந்தால் பரப்புக்கு இணையான அதன் உந்தமும் தெரியவருகின்றன. இரண்டையும் வரைபடமாக்கினால் பட்டையின் வடிவமே கண்முன் நிற்கும்.

ஒளி சில பத்து நானோமீட்டர் உள்ளே சென்றாலும், 20 முதல் 100 எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் வழியில் மோதாமல் வெளிவரக்கூடிய ஆழம் ஒரு நானோமீட்டர் அளவே என்பது இம்முறையின் சிறப்பு. பிஸ்மத் செலினைடில் செலினியம், பிஸ்மத் ஆகியவற்றின் ஐந்து அணுத்தளங்கள் சேர்ந்து ஓர் அடுக்காகின்றன. அவ்வடுக்கின் கனமும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். ஆகவே கருவிக்குத் தெரிவது பெரும்பாலும் மேலடுக்கு ஒன்றே. இங்கே ஒளி உள்ளே செல்லும் ஆழம் பொருட்டன்று. செய்தி வெளியே வரும் ஆழமே வரம்பிடுகின்றது. மேலடுக்கு அழுக்கின்றி இருக்க வேண்டுமாதலால் படிகத்தை மீவெற்றிடத்துக்குள்ளேயே உரித்து உடனே அளக்கின்றனர். சில மணி நேரத்தில் எஞ்சிய வாயுக்கள் படிந்து அப்பரப்பு மூப்படைந்துவிடும்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹசன் குழுவினர் 2008இல் பிஸ்மத்-ஆண்டிமனிக் கலப்பில் புறப்பரப்பு நிலைகள் ஃபெர்மி மட்டத்தை ஐந்து முறை கடப்பதைக் கண்டனர். ஐந்து ஒற்றைப்படை. ஆயினும் அவ்வரைபடம் சிக்கலானது. 2009இல் பிஸ்மத் செலினைடில் கிடைத்த படம் எவரும் மறக்க இயலாத எளிமை உடையது: 0.3 எலக்ட்ரான்-வோல்ட் இடைவெளியின் நடுவே ஒரே ஒரு கூம்பு. அதில் எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5 லட்சம் மீட்டர். தற்சுழற்சி ஒவ்வோரிடத்திலும் உந்தத்துக்குச் செங்குத்தாகப் பூட்டப்பட்டுள்ளது. எதிர்த்திசையில் செல்ல வேண்டுமாயின் எலக்ட்ரான் தன் தற்சுழற்சியையும் புரட்டியாக வேண்டும். காந்தத்தன்மையற்ற மாசுகளால் அதனைச் செய்விக்க இயலாது.

அந்தக் கூம்பு உள்ளகத்துக்கு உரியதன்று, புறப்பரப்புக்கே உரியது என்பதை எவ்வாறு உறுதிசெய்தனர்? சரிகையில் இரு கோடுகளை ஒப்பிட்டது போன்றே, இங்கே செலுத்தும் ஒளியின் ஆற்றலை மாற்றி மாற்றி அளந்தனர். உள்ளகத்து எலக்ட்ரானுக்குப் பரப்புக்குச் செங்குத்தான திசையிலும் உந்தம் உண்டு. ஒளியாற்றலை மாற்றினால் அவ்வுந்தம் மாறிப் பட்டையும் இடம்பெயரும். புறப்பரப்பு நிலைக்கு அத்திசையில் இயக்கமே இல்லை. ஒளியாற்றலை எவ்வளவு மாற்றினும் நகராமல் நிற்பதே புறப்பரப்புக்கு உரியது. இவ்வளவீட்டுக்கு ஆற்றலை விரும்பியவாறு மாற்றத்தக்க ஒளி வேண்டும். சிங்க்ரோட்ரான் முடுக்கிகள் அதனை வழங்குகின்றன. இந்தியாவில் இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா உயர்தொழில்நுட்ப மையத்தில் இந்தஸ்-1, இந்தஸ்-2 ஆகியவை இவ்வகை முடுக்கிகள்.

சமச்சீர்மை தரும் வழி

எல்லா ஆய்வகங்களிலும் சிங்க்ரோட்ரானோ மீவெற்றிடமோ இருப்பதில்லை. காற்றில் வைத்தே லேசர் ஒளியால் புறப்பரப்பை அறிய வேண்டுமாயின், ஆழத்தைக் குறைப்பதைவிட நுட்பமான வழி வேண்டும்; ஏனெனில் கட்புல ஒளி இப்படிகத்துள் புறப்பரப்பு நிலையின் சில நானோமீட்டர் ஆழத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றது. இவ்விடத்தில் படிகத்தின் சமச்சீர்மை துணைக்கு வருகின்றது. பிஸ்மத் செலினைடின் உள்ளகத்தில் ஒரு மையத்தைக் கொண்டு ஒவ்வோர் அணுவையும் எதிர்ப்புறம் தள்ளினாலும் படிகம் மாறாது. இவ்வியல்புடைய பொருளில், செலுத்திய ஒளியின் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கு அதிர்வெண்ணுடைய ஒளி, அதாவது இரண்டாம் சீரிசை, முதன்மைத் தோராயத்தில் தோன்றாது. புறப்பரப்பில் மேலும் கீழும் ஒன்றல்ல. ஒரு பக்கம் படிகம், மறுபக்கம் வெற்றிடம். அங்கே இத்தடை நீங்குகின்றது. ஒளி எவ்வளவு ஆழம் சென்றாலும், இரு மடங்கு அதிர்வெண்ணில் திரும்புவது புறப்பரப்பிலிருந்தே வருகின்றது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2011இல் பிஸ்மத் செலினைடில் இதனை அளந்தனர். எனினும் புறப்பரப்பின் அடியில் மின்னூட்டம் திரண்டால் அங்குள்ள மின்புலம் உள்ளகத்தின் சமச்சீர்மையைக் குலைத்துத் தானும் இரண்டாம் சீரிசையைப் பிறப்பிக்கும். ஆகவே இம்முறையின் குறிகை முழுவதும் இடத்தியல் நிலைக்கே உரியது எனக் கொள்வது பிழையாகும். சில கட்டுரைகளில் இவ்வெச்சரிக்கை போதிய அளவு இடம்பெறுவதில்லை.

வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளி இன்னொரு வாயிலைத் திறந்தது. ஒளி இடஞ்சுழியா வலஞ்சுழியா என்பதற்கேற்ப அது கூம்பின் ஒரு பக்கத்து எலக்ட்ரான்களை மிகுதியாகத் தூண்டுகின்றது. தற்சுழற்சி உந்தத்தோடு பூட்டப்பட்டிருப்பதால் மின்கலம் இன்றியே மின்னோட்டம் பிறக்கின்றது. ஒளியின் சுழற்சியை மாற்றினால் அந்த ஓட்டம் மாறுபடுகின்றது. இது 2012இல் காட்டப்பட்டது. 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெராஹெர்ட்ஸ் ஒளியைப் பிஸ்மத் செலினைடு மென்படலங்களில் செலுத்தி, அதன் முனைவாக்கத் தளம் சுழலும் கோணத்தை அளந்தனர். அக்கோணம் பொருளின் கனத்தையோ மாசையோ சாராமல், ஏறத்தாழ 137இல் ஒரு பங்கான நுண்கட்டமைப்பு மாறிலியின் அலகில் அமைந்தது. இங்கே ஒளி கொணர்வது ஆழம் சார்ந்த சராசரி அன்று. இடத்தியல் எண்ணே ஒளியின் திசையில் பதிந்து வெளிவருகின்றது. உள்ளகம் போதிய அளவு மின்காப்பாக அமைந்த படலங்களை வளர்த்த பின்னரே இவ்வளவீடு இயன்றது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. கல்பாக்கத்துக் குழு ஆராய்ந்த செலினியக் காலியிடச் சிக்கல் இங்கும் முன்நிபந்தனையாக நின்றது.

பொன்னின் புறப்பரப்பு

சரிகையின் பொன்னுக்கும் இடத்தியலுக்கும் உறவில்லை என்றே இதுவரை கொள்ளப்பட்டது. அஃது ஓரளவே உண்மை. பொன் படிகத்தின் குறிப்பிட்ட ஒரு தளத்தில் புறப்பரப்பு நிலைகள் இருப்பதை ஒளிமின் உமிழ்வு ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அறிவர்; தம் கருவியின் பகுதிறனைச் சரிபார்ப்பதற்கே அவர்கள் அந்நிலைகளைப் பயன்படுத்திவந்தனர். ஷாக்லி நிலைகள் எனப் பெயர்பெற்ற அவை சாதாரணமானவை எனவே கருதப்பட்டன. 2015இல் ஜெர்மானிய ஆய்வாளர் குழு ஒன்று, பட்டைக் கணக்கீட்டையும் ஒளிமின் உமிழ்வையும் கொண்டு, அவை இடத்தியல் மாற்றமிலியிலிருந்து பிறப்பனவாகக் கொள்ளத்தக்கவை எனக் காட்டியது. ஃபெர்மி மட்டத்துக்கு மேலே காலியாக உள்ள பகுதியிலும் அந்நிலை எவ்வாறு தொடர்கின்றது என்பதை அளந்ததே அம்முடிவுக்குச் சான்றாயிற்று. வெள்ளியிலும் செம்பிலும் இதே வகை நிலைகள் உள்ளன என்பதையும் அவ்வாய்வு எடுத்துரைத்தது.

பொன், வெள்ளி, செம்பு ஆகிய இம்மூன்றுமே சரிகையின் உலோகங்கள். ஆனால் முலாமாக ஏறிய பொன் எண்ணற்ற நுண்படிகங்களின் தொகுதி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை நோக்கி நிற்கின்றது, அதன்மேல் காற்றின் ஈரமும் கையின் எண்ணெயும் படிகின்றன. அந்நிலையைக் காண, ஒற்றைப் படிகமாக வளர்த்த பொன்னை உரிய தளத்தில் வெட்டி, மீவெற்றிடத்தில் அயனிகளால் துலக்கிச் சூடேற்ற வேண்டும். கடைத்தெருவில் வைத்துப் பார்க்கும் கருவிக்கு அது எட்டாது. அக்கருவிக்கு எட்டக்கூடியது 52.6 என்ற எண். அதனை 40 எனப் படிப்பதற்கு 76 என்ற மற்றோர் எண் சோதிப்பவரின் கையில் இருந்தாக வேண்டும்.